மாமாவின் பெயரில் ஒரு கட்டி

எனக்கு முதல் கட்டி வந்தபோது வயது இருபத்திரண்டு. சத்தியமங்கலத்துப் பக்கம் மல்லிகைப் பூப் பறித்துக்கொண்டிருந்தேன். பூப் பறிக்கிறவளுக்கு மூளை விரல் நுனியில்தான். எது இன்று விரியும், எது நாளை விரியும் என்று கண் பார்க்கும் முன்பே விரல் சொல்லிவிடும். அந்த விரல்தான் ஒரு நாள் குளிக்கும்போது, இடது மார்பில் என்னவோ இருக்கிறது பார் என்றது. நெல்லிக்காய் அளவு இருக்கும். அமுக்கினால் வலிக்கவில்லை. பிடிக்கப் போனால் நிற்கவுமில்லை. இந்தப் பக்கம் தொட்டால் அந்தப் பக்கம் ஓடியது. இரண்டு நாள் அதைத் துரத்தி விளையாடினேன். மூன்றாம் நாள்தான் பயப்பட வேண்டும் என்று தோன்றியது.

எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவள் நான். மில்லில் நூல் முடிச்சுப் போட்டிருக்கிறேன், திருப்பூரில் பனியனுக்குப் பிசிறு வெட்டியிருக்கிறேன், உடுமலைப்பேட்டையில் தேங்காய் உரிக்கிற களத்தில் மட்டை பொறுக்கியிருக்கிறேன். எந்த வேலையிலும் ஆறு மாதத்துக்கு மேல் எனக்குக் கால் தரித்ததில்லை. அப்பா செத்த பிறகு அம்மா உடுமலைக்குப் பக்கத்தில் தோட்டத்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். வீட்டில் நல்லது கெட்டது எதுவானாலும் முன்னால் வந்து நிற்பவர் மாமா. அம்மாவின் தம்பி. தேங்காய் மண்டியில் மூட்டை ஏற்றி இறக்குகிற வேலை.

மாமாவைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். வழியில் படுத்திருக்கும் எருமையைக்கூட "சித்த அக்கட்டால போங்க" என்று கேட்டுக்கொள்கிற மனிதர். பெண்கள் பேசிக்கொண்டிருக்கும் இடத்துக்கு வருவதாக இருந்தால் பத்தடிக்கு முன்னாலேயே தொண்டையைக் கனைப்பார். அத்தைக்குப் பிரசவ வலி கண்டபோது கார் கூப்பிடப் போனவர், டிரைவரிடம் "ஊட்ல ஒரு சோலி இருக்குதுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, அவன் டீ குடித்து, பீடி குடித்து, டயருக்குக் காற்று அடித்து முடிக்கிறவரைக்கும் பக்கத்தில் கைகட்டி நின்றிருக்கிறார். குழந்தை காருக்குள்தான் பிறந்தது.

அப்படிப்பட்டவர்தான் என்னை டாக்டரிடம் கூட்டிப் போனார். பத்துப் பெட் உள்ள சின்ன ஆஸ்பத்திரி. டாக்டர் தொட்டுப் பார்த்துச் சிரித்தார். "வயசுப் பொண்ணுங்களுக்கு வர்ற கட்டிதாம்மா. கைக்கு அகப்படாம ஓடுதில்ல? நாங்களே இத எலின்னுதான் சொல்லுவோம்" என்றார். மரத்துப்போக ஊசி போட்டு, லேசாகக் கீறி, அவரைக்காயிலிருந்து கொட்டையைப் பிதுக்குவது போல எலியைப் பிதுக்கி எடுத்துவிட்டார். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அதை மருந்துத் தண்ணீர் ஊற்றிய பாட்டிலில் போட்டு, ஒரு சீட்டும் எழுதி, கோயமுத்தூர் லேப்பில் கொடுத்துப் பரிசோதித்து வரும்படி மாமாவிடம் தந்தார். அப்போதெல்லாம் அப்படித்தான். உடம்பிலிருந்து எடுத்ததை உறவுக்காரர்தான் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏற வேண்டும்.

ஒரு வாரம் கழித்து மாமா வந்து வாசலில் நின்றபடியே அம்மாவிடம் சொன்னார். "ஒண்ணுமில்லீங்ளாமாக்கா. சாதாரணக் கட்டிதானாமா." தையல் பிரிக்கப் போனபோது டாக்டர் ரிப்போர்ட் என்ன ஆயிற்று என்று கேட்டார். "நல்லபடியா வந்துருக்குதுங்க" என்றார் மாமா. டாக்டரும் சரி என்று விட்டுவிட்டார். நானும் மறந்துவிட்டு அடுத்த வேலைக்குப் போனேன்.

எட்டு மாதம் கழித்துக் கோயமுத்தூர் காந்திபுரத்தில் ஒரு துணிக்கடையில் சேலை மடித்துக்கொண்டிருந்தபோது அது திரும்ப வந்தது. இந்த முறை ஓடிப் பிடித்து விளையாட நேரம் தரவில்லை. எலுமிச்சையாக வந்தது, இரண்டே மாதத்தில் கொய்யாக்காய் ஆனது. தோல் மினுமினுத்துப் பச்சை நரம்பு தெரிந்தது. ரவிக்கை தைக்கிற அக்கா அளவு டேப்பைப் பிடித்துக்கொண்டு, "ஏ அம்மணி, ஒரு பக்கத்துக்கு மட்டும் உரம் போடறியா?" என்றாள். நானும் சிரித்தேன். மறுநாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்தேன்.

அங்கே ஊசியால் கொஞ்சம் உறிஞ்சிப் பார்த்தார்கள். சந்தேகம் என்று வந்தது. நல்லது என்றும் இல்லை, கெட்டது என்றும் இல்லை. வியாழக்கிழமை காலை பெரிய டாக்டர் நாலு சின்ன டாக்டர்கள் பின்னால் வர என் கட்டிலுக்கு வந்தார். நரைத்த மீசை, சலவை மடிப்புக் கலையாத சட்டை. என் முகத்தைப் பார்க்காமல் சீட்டைப் பார்த்தே சொன்னார். "வளர்ற வேகம் சரியில்ல. முழுசா எடுத்துட்டு அக்குளையும் சுத்தம் பண்ணிடலாம். திங்கக்கிழமை." வரப்பு ஓரம் புல் செதுக்கச் சொல்வது போல இருந்தது.

"எதை முழுசாங்க?" என்று கேட்டேன்.

அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். "உசுரு இருந்தாப் போதும் கண்ணு" என்றார். எனக்கு உயிரும் வேண்டியிருந்தது, அதுவும் வேண்டியிருந்தது. அதற்குப் பெரிய காரணம் எல்லாம் கிடையாது. என்னுடையது, அவ்வளவுதான். ஊர் ஊராக அலைந்ததில் பெட்டி, குடை, செருப்பு, ஒரு கடிகாரம் என்று நிறையத் தொலைத்திருக்கிறேன். இதையும் அந்த வரிசையில் சேர்க்க மனம் வரவில்லை.

பின்னால் நின்றிருந்த சின்ன டாக்டர்களில் ஒரு பெண் டாக்டர் மதியம் தனியாகத் திரும்பி வந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"உன் வயசுல இப்படி வேகமா வளர்றது எல்லாமே புற்றுநோய் இல்லம்மா. அபூர்வமா ஒரு வகை உண்டு. பாக்கறதுக்கு சாதாரணக் கட்டி மாதிரியே இருக்கும். ஆனா கண்ணுக்குத் தெரியாம ஓரத்துல விரல் விட்டிருக்கும். கட்டிய மட்டும் பிதுக்கி எடுத்தா, மிச்சம் இருக்கறது திரும்ப மொளைக்கும்."

"கோரைப் புல்லு மாதிரிங்ளா? மேல புடுங்கினாக் கிழங்கு உள்ளயே நிக்குமே?"

"அதேதான்" என்று சிரித்தார். "மொதல்ல எடுத்தது அந்த வகைதான்னு தெரிஞ்சா, அது திரும்ப வந்ததுக்குக் காரணம் கிழங்கு நின்னுபோனதுதான்னு நான் பெரியவர்கிட்ட வாதாட முடியும். சுத்தி ஒரு விரக்கடை நல்ல சதையோட கட்டிய மட்டும் எடுத்தாப் போதும். அந்த ரிப்போர்ட்டும் கண்ணாடியும் வேணும். எங்க அது?"

லேப்பில் கட்டியை மெல்லிசாகச் சீவிக் கண்ணாடித் துண்டில் ஒட்டி வைத்திருப்பார்களாம். அதைத்தான் கண்ணாடி என்றார்.

"கிடைக்கலைன்னாங்க?"

"அப்பப் பெரியவர் சொன்னதுதான்."

எஸ்.டி.டி. பூத்திலிருந்து உடுமலை மண்டிக்குப் போன் போட்டேன். வெள்ளிக்கிழமை காலையில் மாமா ஒரு தார் வாழைப்பழத்தோடு வந்து சேர்ந்தார்.

"மாமா, அந்த ரிப்போர்ட் எங்கீங்க?"

"எந்த ரிப்போர்ட்டு கண்ணு?" மாமா மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்தார்.

"பாட்டில் கொண்டுபோனீங்களே, அதுங்க."

"அதா. அது எங்கியோ வெச்சுப்போட்டேன் அம்மணி."

"சரிங்க. லேப்ல போயி இன்னொண்ணு வாங்கிக்கலாம், வாங்க."

"அந்த லேப்ப மூடிப்போட்டாங்களாமா."

"யாரு சொன்னாங்க?"

"பொதுவாச் சொன்னாங்க."

எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பாட்டிலை ஆற்றில் எறிந்திருப்பாரோ, பஸ்சில் விட்டிருப்பாரோ என்று நினைத்தேன். திங்கட்கிழமைக்கு இடையில் இரண்டே நாள்தான். ஆஸ்பத்திரியில் இரண்டு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு அவரை டவுன் பஸ்சில் ஏற்றினேன். காந்திபுரத்தில் இறங்கியதும் மாமா இரண்டு முறை வழி மறந்தார். மூன்று முறை அவருக்குத் தாகம் எடுத்தது. மூன்றாவது சர்பத்தைக் குடித்து முடித்த இடத்துக்கு நேர் எதிரேதான் லேப் இருந்தது. திறந்துதான் இருந்தது.

உள்ளே கவுண்டரில் என் வயதில் ஒரு பெண் இருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. என் பின்னால் ஒளிந்தபடி வந்த மாமாவைப் பார்த்து முகமெல்லாம் சிரிப்பாக எழுந்து நின்றாள்.

"ஏனுங்ணா! வாங்க, வாங்க. முதுகு எப்படியிருக்குதுங்?"

"பரவால்லீங்" என்றார் மாமா.

"மூணு கார்டு போட்டமே, வந்துச்சுங்களா? வந்து முதுகக் காட்டிப்போட்டுப் போங்கன்னு எழுதியிருந்தமே?"

"யாரு முதுகுங்க?" என்று கேட்டேன்.

"இவிய முதுகுதானுங்க. நீங்க யாரு, இவிய பொண்ணுங்களா?"

"அக்கா பொண்ணு."

"ஏனுங்ணா, முதுகுல அத்தாச்சோடு கட்டி எடுத்திருக்கறீங்க, ஊட்ல யாருக்கும் சொல்லுலீங்ளா?" என்று அவரைக் கடிந்துகொண்டே உள்ளே எட்டி, "சார், அந்த முதுகு வந்துருக்காருங்க!" என்று கத்தினாள்.

உள்ளேயிருந்து லேப் டாக்டர் ஓடி வந்தார். காலம் முழுக்க மைக்ராஸ்கோப்பில் குனிந்து குனிந்து நிமிர்ந்தாலும் குனிந்தே நிற்கிற மனிதர். தடித்த கண்ணாடிக்குள் கண் இரண்டும் பளபளத்தன. மாமாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"எங்கய்யா போனீங்க? வியர்வைச் சுரப்பியில இப்படி ஒரு கட்டிய நான் என் சர்வீஸ்ல பாத்ததில்ல. மெட்ராஸ்ல டாக்டருங்க கூட்டத்துல உங்க கட்டியப் படம் போட்டுக் காட்டியிருக்கேன், தெரியுமா? எல்லாரும் எந்திரிச்சுக் கேள்வி கேட்டாங்க. கழட்டுங்க, சட்டையக் கழட்டுங்க. தழும்பப் பாக்கணும்."

டாக்டர் ஒன்று கேட்டு இல்லை என்று சொல்ல மாமாவால் முடியாது. பொத்தானை ஒவ்வொன்றாகக் கழற்றினார். சட்டையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். டாக்டர் டேபிள் லைட்டை இழுத்து வந்து முதுகில் அடித்தார். மூட்டை தூக்கிக் காய்த்துப்போன தோள்பட்டை. அதற்குக் கீழே இடுப்பு வரைக்கும் கீறல்கூட இல்லாத முதுகு.

"எந்தப் பக்கம்?"

"அந்தப் பக்கமாட்டத்தானுங்க."

"இங்கயா?"

"கொஞ்சம் அக்கட்டாலங்க."

டாக்டர் மூக்கு முட்டுகிற மாதிரி குனிந்து, விரலால் தடவித் தடவிப் பார்த்தார். "யாருய்யா உங்க சர்ஜன்? தழும்பே தெரியாமத் தச்சிருக்கானே! கைக்குக் காப்புப் போடணும்யா அவனுக்கு!"

எனக்கு அதற்குள் எல்லாம் விளங்கிவிட்டது. அந்த இடத்திலேயே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. திங்கட்கிழமை என்ன ஆகுமோ, அதுவரைக்கும் இதையாவது கண்குளிரப் பார்த்துக்கொள்வோம் என்று நின்றேன். டாக்டர் பூதக்கண்ணாடி கேட்டபோதுதான் பாவமாக இருந்தது.

"அது என் மார்ல எடுத்ததுங்க" என்றேன்.

டாக்டர் என்னைப் பார்த்தார். மாமாவின் முதுகைப் பார்த்தார். மாமா திரும்பவில்லை. சுவரைப் பார்த்தபடியே பேசினார்.

"கவுண்டர்ல இருக்கற இந்தப் புள்ளதான் எந்த எடத்துக் கட்டின்னு கேட்டுதுங்க. கலியாணமாகாத புள்ளைங்க. அதுகிட்ட நான் எப்படிங்க அந்த வார்த்தையச் சொல்லறது?"

"சீட்டு எழுதிக் குடுத்திருப்பாங்களேய்யா!"

"குடுத்தாங்க. அதுலயும் அதுதான் எழுதியிருக்குதுன்னு ஜோப்புலயே வெச்சுட்டனுங்க."

"பேரு? உங்க பேருதான இருக்குது?"

"எங்க அம்மணி பேரக் குடுத்தா, நாளைக்கு மாப்பள ஊட்டுக்காரங்க காதுக்குப் போனா என்னாகறதுங்க? என்ற பேரு கெட்டா ஒண்ணும் நட்டமில்லீங்க."

"அதுக்கு முதுகுன்னா சொல்லுவீங்க?" கவுண்டர் பெண் கேட்டாள். "கையின்னு சொல்லியிருக்கலாமில்லீங்ணா?"

"கையின்னா காட்டுங்கன்னு கேட்டுப்போடுவீங்களே" என்றார் மாமா.

லேப் டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு சின்ன மரப்பெட்டியை எடுத்தார். மற்றவர்கள் கண்ணாடியெல்லாம் பின்னறையில் அடுக்கில் கிடந்தன. மாமாவின் கட்டி அபூர்வம் என்பதால் அந்தப் பெட்டியில் பஞ்சு வைத்துப் பத்திரப்படுத்தியிருந்தார். அதை மைக்ராஸ்கோப்பில் சொருகிப் பார்த்தார். நெடுநேரம் தலை நிமிரவில்லை.

"மார்புன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அஞ்சு நிமிஷத்துல சொல்லியிருப்பேன்" என்றார் உள்ளே பார்த்தபடியே. "முதுகுல இது எப்படி வந்துச்சுன்னு பத்து மாசம் புத்தகம் புரட்டியிருக்கேன்." பிறகு நகர்ந்து என்னைப் பார்க்கச் சொன்னார்.

ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். ஊதாவும் ரோஸும் கலந்த சாயம். நடுவில் வெள்ளைச் சந்து. அந்தச் சந்துக்குள் இரண்டு பக்கத்திலிருந்தும் வளைந்து வளைந்து நீட்டிக்கொண்டிருந்தவை இலைகள்தான். வெற்றிலையை விரித்துப்போட்டது போலத் தெரிந்தன. என்னை இந்தப் பாடுபடுத்துகிற சாமான் இவ்வளவு அழகாக இருக்குமென்று நினைக்கவில்லை.

"இலை தெரியுதா? வெளிநாட்டுக்காரன் வெச்ச பேருக்கே இலை மாதிரின்னுதான் அர்த்தம். மார்புல மட்டுந்தான் வரும். உன் வயசுல ரொம்ப அபூர்வம். இதுல நல்ல ஜாதியும் உண்டு, கெட்ட ஜாதியும் உண்டு. இது நல்லது. இலைக்கு நடுவுல இருக்கற செல்லெல்லாம் அமைதியா இருக்கு, பாரு. வேரோட எடுக்காததாலதான் திரும்ப வந்திருக்கு."

"அக்குளுங்க?"

"அதத் தொட வேண்டியதே இல்ல. இது அந்த வழியில போற ஜாதி இல்ல."

புது ரிப்போர்ட்டைத் தானே டைப் அடித்தார். என் பேர், என் வயது, இடது மார்பு. கண்ணாடியைப் பஞ்சோடு சட்டைப் பையில் வைத்துப் பொத்தான் போட்டுக்கொண்டார். நாளைக்குத் தானே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவதாகச் சொன்னார். "இத இனி யாரு கையிலயும் குடுக்கறதா இல்ல."

"சட்டையப் போட்டுக்கலாமுங்ளா?" என்று மாமா சுவரிடம் கேட்டார்.

சனிக்கிழமை என் கட்டிலைச் சுற்றி மூன்று டாக்டர்கள் நின்று சண்டை போட்டார்கள். பாதி இங்கிலீஷ், பாதி தமிழ். இப்போது இருக்கிற கட்டியும் அதே நல்ல ஜாதிதானா என்பது எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றார் பெரிய டாக்டர். அப்படிக் கெட்டதாக இருந்தால் அப்புறம் முழுதாக எடுக்கலாமே, இப்போதே ஏன் என்றார் பெண் டாக்டர். லேப் டாக்டர் கண்ணாடியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார், அதில் வெறும் கண்ணுக்கு எதுவும் தெரியாது என்றாலும்.

கடைசியில் பெரிய டாக்டர் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

"சரி. கட்டிய மட்டும் எடுக்கறேன். ஆனா இது திரும்ப வரலாம். ஆறு மாசத்துக்கு ஒருக்கா வந்து காட்டணும், வருஷக்கணக்கா. நீ ஒரு இடத்துல நிக்கற ஆள் இல்லையாமே? வருவியா?"

யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று அம்மாவைப் பார்த்தேன். அம்மா வாழைப்பழத்தை எண்ணிக்கொண்டிருந்தார்.

"வருவனுங்க" என்றேன்.

போனேன். அடுத்து வந்த வருடங்களில் எந்த ஊரில் எந்த வேலையில் இருந்தாலும் ஆறு மாதம் ஆனால் கோயமுத்தூருக்குப் பஸ் ஏறிவிடுவேன். என் வாழ்க்கையில் நான் ஒழுங்காகச் செய்த ஒரே காரியம் அதுதான். பெண் டாக்டர் தடவிப் பார்த்து, "கிழங்கு எதுவும் இல்ல, போ" என்று அனுப்புவார்.

ஆனால் அந்தத் திங்கட்கிழமை அது எதுவும் தெரியாது. மயக்கம் தெளிந்தபோது நெஞ்சில் தலையணை மாதிரி பெரிய கட்டு. உள்ளே என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று வெளியிலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.

"இருக்குதாம்மா?" என்றேன்.

"இருக்குதுன்னுதான் சொன்னாங்க. நானா பாத்தேன்?" என்றார் அம்மா.

கேட்ட நர்சுகள் எல்லாம் டாக்டர் சொல்லுவார் என்றார்கள். டாக்டர் கட்டுப் பிரிக்கும்போது பார்க்கலாம் என்றார். வெட்டும்போது உள்ளே நிலைமை மோசமாக இருந்தால் முழுதாக எடுத்துவிடுவோம் என்று சொல்லித்தான் கைநாட்டு மாதிரி என் கையெழுத்தை வாங்கியிருந்தார்கள். நாலு நாள் அந்தக் கட்டைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த பெரியம்மா, "ஒருக்களிச்சுப் படுத்துப் பாரு, எடையில தெரிஞ்சுபோகும்" என்று யோசனை சொன்னார். படுத்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை, வலிதான் உயிர் போனது.

ஐந்தாம் நாள் காலை பெண் டாக்டர் வேகமாக வந்தார். வெட்டி எடுத்ததன் ரிப்போர்ட் வந்துவிட்டது, அதே நல்ல ஜாதிதான், சுற்றி எடுத்த ஓரமெல்லாம் சுத்தம் என்று சொல்லி என் கன்னத்தில் தட்டிவிட்டுப் போனார். பின்னாலேயே நர்சக்கா டிரேயோடு வந்து திரையை இழுத்துவிட்டார்.

"கண்ண மூடிக்க அம்மணி. மொதத் தடவை பாக்கறப்ப செல பேருக்குக் கிறுகிறுத்துப்போகும்."

"மூட மாட்டனுங்க்கா."

பஞ்சு பஞ்சாக எடுத்தார். கடைசிப் பஞ்சு ஒட்டிக்கொண்டு வர மாட்டேன் என்றது. தண்ணீர் விட்டு ஊற வைத்து எடுத்தார். நான் குனிந்து பார்த்தேன். மஞ்சள் மருந்து பூசிக் கிடந்தது. வெளிப் பக்கத்தில் வளைவாகத் தையல், சாக்கு வாயைச் சணலால் தைத்தது போல முரட்டுத் தையல். ஒரு இடத்தில் உள்ளங்கைக் குழி மாதிரி பள்ளம். மற்றதைவிடக் கொஞ்சம் சின்னது, கொஞ்சம் கோணல். ஆனால் இருந்தது.

நர்சக்கா மருந்து வைத்து முடித்துப் புதுப் பஞ்சைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். நான் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"போதும் அம்மணி, மூடிப்போடறேன். பெரிய டாக்டரு ரவுண்ட்ஸ் வந்துட்டாரு."

"வரட்டுமுங்க்கா" என்றேன். "முழுசா எடுக்கோணும்னு சொன்னவருதானுங்களே, அவரும் ஒருக்காப் பாத்துட்டுப் போகட்டும்."